அஸ்தியைக் கண்டு அஞ்சுவது யார்?

நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் விமான விபத்தில் சாகவே இல்லை என்று சாதிக்கிறது ஒரு சிறுவெளியீடு. அவருடைய பிறந்தநாளான ஜனவரி 23-ஐ ஒட்டித் தாம்பரத்தில் வீடு வீடாகக் கொடுத்தார்கள். சேலையூர், குரோம்பேட்டை, பல்லாவரம் வரைக்கும் போயிருக்கிறது. பேச்சுப்போட்டிக்குத் தயாராகும் பள்ளிப் பிள்ளைகளின் கையிலும் அதுதான் இருக்கிறது. எழுதியவர் இந்த வட்டாரத்தில் மேடை மேடையாகப் பேசுகிறவர். அவர் யார் என்பது முக்கியமில்லை. அவர் வைப்பது எண்பது ஆண்டுகளாக ஊர் ஊராகச் சுற்றிவருகிற வாதம். இந்தத் தடவை எங்கள் தெருவுக்கு வந்திருக்கிறது. பதில் சொல்லாமல் விட்டால் நாளைக்கு நம் பிள்ளைகள் அதையே வரலாறு என்று ஒப்பிப்பார்கள்.

வெளியீடு சொல்வதன் சாரம் இது: தைஹோகுவில் விபத்தே நடக்கவில்லை, உடன்போன ஹபிபுர் ரஹ்மான் சொன்னது கற்றுக்கொடுத்த கதை, நேரு அரசு உண்மையைப் புதைத்தது, நேதாஜி ரஷ்யாவுக்குத் தப்பிப்போனார், பசும்பொன் முத்துராமலிங்கத் தேவரே அதற்குச் சாட்சி. கடைசிப் பக்கத்தில், 2016-ல் தாம்பரம் விமானத் தளத்திலிருந்து கிளம்பி வங்கக் கடலில் மறைந்த ஏ.என்-32 விமானத்தையும் இழுத்துவந்து, "அரசாங்கம் இப்படித்தான் எல்லாவற்றையும் மூடும்" என்று முடிக்கிறார்.

என் நிலையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நேதாஜி 1945 ஆகஸ்ட் 18 அன்று தைஹோகுவில், 48-ஆம் வயதில், ஒரு போர்முனை சரிந்தபின் அடுத்த வழியைத் தேடிப் போகும்போது உயிர்விட்டார். அதற்குச் சாட்சியம் இருக்கிறது. மறுப்பவர்களிடம் இருப்பது சந்தேகம் மட்டும்தான். அந்தச் சந்தேகத்தை ஊதி ஊதிப் பெரிதாக்கியவர்களால்தான் அவருடைய அஸ்தி இன்றுவரை தாய்மண்ணைத் தொடாமல் டோக்கியோவில் இருக்கிறது.

என்ன நடந்தது என்பதை இந்த வெளியீடு ஒரு பக்கத்தில்கூடச் சொல்லவில்லை. மறுக்க வந்தவர், எதை மறுக்கிறோம் என்று வாசகருக்குக் காட்டவேண்டாமா? நான் சொல்கிறேன்.

1945 ஆகஸ்ட் 15-ல் ஜப்பான் சரணடைந்தது. சிங்கப்பூரில் இருந்த நேதாஜி பாங்காக் போய், 17-ஆம் தேதி சைகோனை அடைந்தார். ஜப்பானியர் கொடுத்த குண்டுவீச்சு விமானத்தில் இடம் இரண்டே இரண்டு. கூட வந்தவர்களில் கர்னல் ஹபிபுர் ரஹ்மானை மட்டும் அழைத்துக்கொண்டார். சுதந்திர இந்தியத் தற்காலிக அரசின் பிரச்சார அமைச்சராக இருந்த எஸ்.ஏ. ஐயர் உள்ளிட்ட மற்றவர்கள் சைகோனிலேயே நின்றுவிட்டார்கள். அன்று இரவு நேதாஜியும் ரஹ்மானும் தூரான் என்ற ஊரில் தங்கினார்கள். இன்றைய வியட்நாமின் தனாங் அது. மறுநாள் எரிபொருள் நிரப்பத் தைஹோகுவில் இறங்கினார்கள். இன்றைய தைபே அது. அதே விமானத்தில் ஜப்பானிய லெப்டினன்ட் ஜெனரல் சிதேயி மஞ்சூரியா போய்க்கொண்டிருந்தார். மஞ்சூரியா வழியாகச் சோவியத் தரப்பைத் தொடர்புகொள்வது நேதாஜியின் திட்டம்.

பிற்பகலில் விமானம் மீண்டும் எழும்பியது. ஜப்பானிய அரசு 1956 ஜனவரியில் முடித்த விசாரணை அறிக்கையின்படி, தரையிலிருந்து சுமார் 20 மீட்டர் உயரம் ஏறியதும் இடப்பக்கச் சுழலியின் மூன்று இதழ்களில் ஒன்று ஒடிந்தது. இயந்திரம் கழன்று விழுந்தது. விமானம் தரையில் மோதித் தீப்பற்றியது. பின்பக்கக் கதவைச் சாமான்கள் அடைத்துக்கொண்டிருந்தன. முன்பக்கத்தில் தீ. வேறு வழியில்லாமல் நேதாஜி தீக்குள் புகுந்து வெளியே வந்தார். பெட்ரோலில் நனைந்திருந்த காக்கி உடை உடம்போடு சேர்ந்து எரிந்தது. பின்னாலேயே வந்த ரஹ்மான் வெறுங்கையால் அந்த உடையைக் கழற்றப் போராடினார். அவருடைய கைகளும் வெந்தன. நான்மோன் ராணுவ மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். அங்கே டாக்டர் யோஷிமி சிகிச்சை கொடுத்தார். உடம்பு முழுக்க மூன்றாம் நிலைத் தீக்காயம். அன்று இரவைத் தாண்டவில்லை. ஜெனரல் சிதேயியும் விமானியும் அதே விபத்தில் மாண்டார்கள். தைஹோகுவிலேயே தகனம் நடந்தது. செப்டம்பரில் அஸ்தி டோக்கியோவின் ரென்கோஜி கோயிலுக்குப் போய்ச் சேர்ந்தது.

இனி வெளியீட்டின் வாதங்களுக்கு வருகிறேன்.

முதல் வாதம்: "விபத்து நடந்ததற்குப் பதிவே இல்லை என்று தைவான் அரசே சொல்லிவிட்டது." நேதாஜியின் மறைவை விசாரித்த நீதிபதி முகர்ஜி ஆணையத்துக்குத் தைவான் தரப்பிலிருந்து அப்படி ஒரு பதில் வந்தது உண்மை. ஆனால் 1945 ஆகஸ்டில் தைவானை ஆண்டது யார்? 1895 முதல் அது ஜப்பானின் ஆட்சியில் இருந்தது. சீனத் தரப்பு அதிகாரத்தை ஏற்றது 1945 அக்டோபர் 25-ல். தைஹோகு விமானத் தளம் ஜப்பானிய ராணுவத்தின் தளம். விழுந்தது ஜப்பானிய ராணுவ விமானம். செத்தவர்களில் ஒருவர் ஜப்பானிய ஜெனரல். அந்தப் பதிவை இரண்டு மாதம் கழித்து வந்த நிர்வாகத்தின் அலமாரியில் தேடிவிட்டு "கிடைக்கவில்லை" என்பதில் என்ன பொருள் இருக்கிறது? இந்த ஆட்சி மாற்றத்தை வெளியீட்டு ஆசிரியர் அறியாமல் எழுதியிருந்தால் அவர் இந்தப் பொருளில் எழுதத் தகுதியற்றவர். அறிந்தே மறைத்திருந்தால் வாசகரை ஏமாற்றியிருக்கிறார்.

அதே தைவானில் 1956-ல் போலீஸ் விசாரணை நடந்தது. தகன அனுமதி கொடுக்கும் வேலையில் இருந்த தைபே நகராட்சி ஊழியர், உடலோடு வந்த ஜப்பானிய அதிகாரி அது இந்தியத் தலைவர் போஸின் உடல் என்று தன்னிடம் சொன்னதாக வாக்குமூலம் கொடுத்தார். அதற்கும் முன்பே, 1946-ல், ஹரின் ஷா என்ற இந்தியப் பத்திரிகையாளர் தைபேக்குப் போய், போஸுக்குப் பணிவிடை செய்த தைவானியத் தாதியைச் சந்தித்து எழுதினார். அந்தத் தாதி ஜப்பானியரும் இல்லை, பிரிட்டிஷாரும் இல்லை, காங்கிரஸ்காரரும் இல்லை. இவற்றில் ஒன்றுகூட வெளியீட்டில் இல்லை.

இரண்டாவது வாதம்தான் எனக்கு அதிகக் கோபம் தருவது: "ஹபிபுர் ரஹ்மான் சொல்லிக்கொடுத்ததை ஒப்பித்தார்." யார் அந்த ரஹ்மான்? நேதாஜி தன் கடைசிப் பயணத்துக்கு நம்பித் தேர்ந்தெடுத்த ஒரே மனிதர். எரிகிற உடையைத் தன் கையால் பிய்த்தவர். வெந்த கைகளோடும் முகத்தோடும் பிரிட்டிஷாரின் விசாரணைக்கு ஆளானவர். தேசப் பிரிவினைக்குப் பின் பாகிஸ்தான் குடிமகன் ஆனார். 1956-ல் இந்திய அரசு அமைத்த ஷா நவாஸ் கான் விசாரணைக் குழு முன் சாட்சி சொல்ல டெல்லிக்கு வந்தார். பாகிஸ்தானில் வாழ்ந்த ஒருவர் நேருவின் உத்தரவுக்கு ஏன் கட்டுப்படவேண்டும்? நேதாஜி உயிரோடு இருக்கிறார் என்று சொல்லியிருந்தால் இந்திய அரசுக்குத் தலைவலி கொடுத்திருக்கலாம். பாகிஸ்தானில் கைதட்டல் வாங்கியிருக்கலாம். சொல்லவில்லை. 1978-ல் சாகும்வரை சொன்னதையே சொன்னார். நேதாஜியின் பெயரால் மேடையேறுகிறவர் நேதாஜி நம்பிய மனிதனைப் பொய்யன் என்கிறார். இதைவிடப் பெரிய அவமரியாதையை நேதாஜியின் எதிரிகள்கூட அவருக்குச் செய்ததில்லை.

ரஹ்மானை விட்டுவிடுவோம் என்றாலும் மற்றவர்கள் இருக்கிறார்கள். அந்த விமானத்தில் பிழைத்த ஜப்பானிய அதிகாரிகள் நோனோகாகி, கோனோ முதலானோர் ஷா நவாஸ் குழுவிடம் சாட்சி சொன்னார்கள். டாக்டர் யோஷிமி 1946-ல் பிரிட்டிஷ் காவலில் இருந்தபோதே, தன் கண்முன்னே போஸ் இறந்ததை வாக்குமூலமாகக் கொடுத்தார். இவர்கள் எல்லோரும் தனித்தனி இடங்களில், தனித்தனி ஆண்டுகளில், தனித்தனி விசாரணையாளர்களிடம் ஒரே பொய்யைச் சொன்னார்கள் என்று நம்பச் சொல்கிறார் வெளியீட்டாளர். பொய் சொல்லி அவர்களுக்குக் கிடைத்தது என்ன என்று ஒரு வரி எழுதவில்லை.

மூன்றாவதாக, சாட்சியங்களுக்குள் உள்ள முரண்பாடுகளைப் பட்டியல் போடுகிறார். இறந்த நேரம் ஒருவர் சொல்வதுபோல் இன்னொருவர் சொல்லவில்லை. ஜப்பானிய அறிக்கை இரவு 7 மணி என்கிறது. வேறு சிலர் 9 மணிக்கு மேல் என்கிறார்கள். தகனத் தேதியிலும் வேறுபாடு உண்டு. உண்மைதான். தோற்றுப்போன ராணுவம், சரணடைந்து மூன்றே நாள், எரிந்துபோன விமானம், காயம்பட்ட சாட்சிகள், பத்தாண்டு கழித்து விசாரணை. இந்த நிலையில் எல்லோரும் மணி, நிமிடம் மாறாமல் ஒப்பித்திருந்தால்தான் சந்தேகப்படவேண்டும். எந்த நீதிமன்றமும் சாட்சிகள் முக்கியமான விஷயத்தில் ஒத்துப்போகிறார்களா என்றுதான் பார்க்கும். விமானம் விழுந்தது, போஸ் தீயில் வெந்தார், நான்மோனில் அன்றே இறந்தார்: இந்த மூன்றிலும் மாறிச் சொன்னவர் எவரும் இல்லை.

தகனப் பதிவேட்டில் போஸின் பெயர் இல்லை. 'இச்சிரோ ஒகுரா' என்ற ஜப்பானியச் சிப்பாயின் பெயர், மாரடைப்பில் இறந்ததாகப் பதிவு. மறுப்பாளர்களிடம் உள்ள ஒரே வலுவான துருப்பு இதுதான். முகர்ஜி ஆணையமும் பெருமளவு இதன்மேல்தான் நின்றது. ஆனால் இது எதை நிரூபிக்கிறது? தோற்ற நாட்டின் ராணுவம், வெற்றிபெற்ற நேசநாடுகள் தேடிக்கொண்டிருந்த ஒரு தலைவரின் உடலைப் பதிவேட்டில் பட்டவர்த்தனமாக எழுதியிருக்கும் என்று ஏன் எதிர்பார்க்கவேண்டும்? ஒரு காகிதத்தில் வேறு பெயர் இருக்கிறது என்பதிலிருந்து "போஸ் சாகவில்லை" என்ற முடிவுக்குப் போக எந்தப் பாதையும் இல்லை. ஜெனரல் சிதேயியும் விமானியும் எப்படி இறந்தார்கள்? ரஹ்மானின் கைகள் எதில் வெந்தன? விபத்தே இல்லை என்கிறவர் இந்த இரண்டு கேள்விக்கும் பதில் சொல்லிவிட்டு ஒகுராவைப் பற்றிப் பேசட்டும்.

நான்காவது வாதம்: "எல்லாம் நேருவின் சதி." தேதிகளைப் பாருங்கள். பிரிட்டிஷ் உளவு அதிகாரி லெப்டினன்ட் கர்னல் ஜான் ஃபிகெஸ், போஸ் தைஹோகு மருத்துவமனையில் இறந்தார் என்று அறிக்கை கொடுத்தது 1946 ஜூலையில். நேரு இடைக்கால அரசில் பொறுப்பேற்றது அதே ஆண்டு செப்டம்பரில். போஸ் உயிரோடு இருந்தால் பிடித்து விசாரிக்கவேண்டும் என்று உலகிலேயே அதிகம் துடித்தது பிரிட்டன். அது ஆள் அனுப்பித் தேடிவிட்டு இறந்துவிட்டார் என்று முடிவு கட்டியது. எதிரியே கொடுத்த சாட்சியம் இது. அதன்பின் 1956-ல் ஷா நவாஸ் குழு, 1974-ல் நீதிபதி கோஸ்லா ஆணையம். இரண்டும் காங்கிரஸ் ஆட்சியில் வந்தவை என்று தள்ளிவிடுவார்கள். சரி, 2017-ல் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் கேட்டபோது, 1945 ஆகஸ்ட் 18 விபத்தில் நேதாஜி இறந்தார் என்று பதில் கொடுத்தது பா.ஜ.க. ஆட்சியின் உள்துறை அமைச்சகம். 2016 ஜனவரியில் நூறு கோப்புகளை வெளியிட்டதும் அதே ஆட்சி. அந்தக் கோப்புகளில் எதிலிருந்தும் உயிரோடு இருக்கும் நேதாஜி எழுந்து வரவில்லை. நேருவை வெறுக்கிறவர்கள் கையிலேயே ஆட்சியும் கோப்பும் இருந்தும் சதி வெளிப்படவில்லை என்றால், சதி என்று ஒன்று இல்லை.

போஸ் குடும்பத்தை உளவுத்துறை 1948 முதல் இருபது ஆண்டு கண்காணித்தது. செத்தவருடைய வீட்டை எதற்குக் கண்காணிக்கவேண்டும் என்று கேட்கிறார். அந்தக் கண்காணிப்பு அசிங்கமானது, கண்டிக்கவேண்டியது. ஆனால் அரசுக்குப் பிடிக்காத அரசியல் குடும்பத்தை உளவு பார்ப்பது சுதந்திர இந்தியாவில் அவர்களுக்கு மட்டும் நேர்ந்ததில்லை. அரசின் பயம் ஒரு மனிதன் உயிரோடு இருந்ததற்குச் சான்றாகாது.

முகர்ஜி ஆணையத்தை இவர்கள் பாதிதான் படித்துக் காட்டுகிறார்கள். போஸ் விபத்தில் சாகவில்லை, ரென்கோஜி அஸ்தி அவருடையதில்லை என்று 2005-ல் அது சொன்னது. மத்திய அரசு 2006-ல் அதை ஏற்க மறுத்தது. இவ்வளவும் வெளியீட்டில் இருக்கிறது. நேதாஜி இறந்துவிட்டார் என்றும், எப்படி இறந்தார் என்று உறுதியாகச் சொல்லச் சான்று இல்லை என்றும் அதே ஆணையம் சொன்னதைக் காணோம். பைசாபாத்தில் வாழ்ந்த 'கும்நாமி பாபா'தான் நேதாஜி என்ற கதையை அதே ஆணையம் ஏற்கவில்லை. பாபாவுடையவை என்று சொல்லப்பட்ட பற்களில் செய்த மரபணுச் சோதனை பொருந்தவில்லை. பிறகு உத்தரப் பிரதேச அரசு அமைத்த நீதிபதி சகாய் ஆணையமும் பாபா வேறு ஆள் என்றே முடிவுசெய்தது. தனக்குச் சாதகமான வரியை மட்டும் கிழித்தெடுத்து ஒட்டுவது ஆராய்ச்சி ஆகாது, அது மோசடி.

ஐந்தாவது, ரஷ்யா. நேதாஜி சோவியத் மண்ணுக்குப் போக நினைத்தார் என்பது சரி. நினைத்தது போய்ச் சேர்ந்ததாகிவிடுமா? சைபீரியச் சிறையில் இருந்தார், ஸ்டாலின் கொன்றார் என்கிறார். ஸ்வீடன் நாட்டுத் தூதரக அதிகாரி ராவுல் வாலன்பெர்க்கின் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். ஆயிரக்கணக்கான யூதர்களைக் காப்பாற்றிய அவரை 1945 ஜனவரியில் புடாபெஸ்ட்டில் சோவியத் படை பிடித்துப்போனது. சோவியத் அரசு பல ஆண்டு மறுத்தது. ஆனால் மாஸ்கோ சிறைகளில் அவருடன் இருந்த கைதிகள் வெளியே வந்து சாட்சி சொன்னார்கள். கடைசியில் 1957-ல், அவர் 1947 ஜூலையில் லூபியங்காச் சிறையில் இறந்தார் என்று சோவியத் அரசே ஒப்புக்கொண்டது. சோவியத் சிறையில் ஒருவர் மறைந்தாலும் தடயம் கசியும். சைபீரிய முகாம்களில் லட்சக்கணக்கான ஜப்பானியப் போர்க்கைதிகள் இருந்து, பெரும்பாலோர் நாடு திரும்பினார்கள். அவர்களிடமிருந்தோ, சோவியத் ஒன்றியம் உடைந்தபின் திறந்த ஆவணக் காப்பகங்களிலிருந்தோ, போஸ் அங்கே இருந்ததற்கு விசாரணையில் தாங்கும் சான்று ஒன்றுகூட வரவில்லை. தங்களிடம் தகவல் இல்லை என்று ரஷ்ய அரசும் சொல்லிவிட்டது.

காந்தியடிகளையும் சாட்சிக்கு இழுக்கிறார். போஸ் உயிரோடு இருப்பதாகத் தன் மனம் சொல்கிறது என்று காந்தி 1946 தொடக்கத்தில் சொன்னது உண்மை. பின்னர், அந்தப் பேச்சை மறந்துவிடுங்கள், நேதாஜி நம்மைவிட்டுப் போய்விட்டார் என்பதை ஏற்றுக்கொள்ளுங்கள் என்று 'ஹரிஜன்' இதழில் எழுதியதும் அதே காந்திதான். ஆசைக்கும் சான்றுக்கும் உள்ள வேறுபாடு அவருக்குத் தெரிந்திருந்தது.

அடுத்து, பசும்பொன் தேவர். இங்கே வெளியீட்டாளர் செய்திருப்பது தந்திரம். தேவரை முன்னே நிறுத்திவிட்டால் தமிழ்நாட்டில் எவரும் எதிர்த்துப் பேசமாட்டார்கள் என்று கணக்குப் போட்டிருக்கிறார். தேவரின் நேதாஜி பக்தியைச் சந்தேகிக்க எவருக்கும் அருகதை இல்லை. நேதாஜியின் ஃபார்வர்டு பிளாக் கட்சியை இந்த மண்ணில் வேரூன்றச் செய்தவர், தலைவர் வாழ்கிறார் என்று கடைசிவரை நம்பியவர். ஆனால் 1956-ல் ஷா நவாஸ் குழு முன் வந்தபோது, தனக்குத் தெரிந்ததாகச் சொன்னதை அவர் குழுவிடம் வெளியிடவில்லை. வெளியிடாத சாட்சியத்தை எவரும் பரிசோதிக்க முடியாது; பரிசோதிக்க முடியாததை வரலாறாக எழுத முடியாது. அவர் 1963 அக்டோபர் 30-ல் மறைந்தார். அறுபது ஆண்டுக்கு மேல் ஆகிவிட்டது. அவருடைய நம்பிக்கையை மதிப்பது ஒன்று. அவருடைய பெயரைக் கேடயமாகப் பிடித்துக்கொண்டு சான்றில்லாத கதையை விற்பது வேறு.

கடைசிப் பக்கத்துக்கு வருகிறேன். 2016 ஜூலை 22 காலை தாம்பரத்திலிருந்து போர்ட் பிளேருக்குக் கிளம்பிய ஏ.என்-32 விமானத்தில் 29 பேர் இருந்தார்கள். நேதாஜி 1943 டிசம்பர் 30-ல் கொடியேற்றிய அதே போர்ட் பிளேர். கப்பல்களும் விமானங்களும் நீர்மூழ்கியும் வாரக்கணக்கில் தேடின, ஒன்றும் கிடைக்கவில்லை. 29 குடும்பங்களின் அந்தத் துயரத்தை எடுத்து, "அரசு மறைத்த இன்னொரு மர்மம்" என்று தன் வாதத்துக்கு முட்டுக்கொடுத்திருக்கிறார் இவர். 2024 ஜனவரியில் என்ன நடந்தது என்று இவருக்குத் தெரியாதா? தாம்பரத்திலிருந்து வேளச்சேரி போகும் பேருந்தில் ஏறினால் பள்ளிக்கரணையில் தேசியப் பெருங்கடல் தொழில்நுட்பக் கழகம் வரும். அந்தக் கழகத்தின் தானியங்கி ஆழ்கடல் கலம், வங்கக் கடலில் 3,400 மீட்டர் ஆழத்தில் சோனார் கொண்டு தடவி, கடல்தரையில் கிடந்த சிதைவைப் படமெடுத்தது. படங்களை ஆய்ந்து பார்த்ததில் அவை ஏ.என்-32-இன் பாகங்களோடு பொருந்தின. அந்தப் பகுதியில் வேறு விமானம் எதுவும் காணாமல்போனதாகச் செய்தி இல்லை. ஏழரை ஆண்டு கழித்து, பொறுமையும் கருவியும் கொண்டு, நம் வட்டாரத்து அறிவியலாளர்கள் அந்தக் குடும்பங்களுக்கு ஒரு விடை கொடுத்தார்கள்.

உடல் கிடைக்காத சாவை மனசு ஏற்க மறுக்கும். வாசலில் காலடிச் சத்தம் கேட்டால் பெற்றவள் எழுந்து பார்ப்பாள். அது அவளுடைய உரிமை. அதைத் தொட எவருக்கும் அதிகாரம் இல்லை. அந்த ஏக்கத்தை மேடைச் சரக்காக மாற்றுகிறவரை மன்னிக்க முடியாது. ஏ.என்-32 இவருக்கு எதிராகவே சாட்சி சொல்கிறது: விடை வேண்டுமென்றால் வதந்தியை விட்டுவிட்டுச் சோதனை செய்யவேண்டும்.

இவர்கள் கதையை உண்மை என்றே வைத்துக்கொள்வோம். அப்படியானால் நேதாஜியைப் பற்றி என்ன சொல்கிறோம்? 1945 நவம்பரில் டெல்லி செங்கோட்டையில் தன் படை அதிகாரிகளான ஷா நவாஸ், சேகல், தில்லான் மூவரையும் ராஜத்துரோகக் குற்றவாளிகளாக நிறுத்தியபோது அவர் எங்கோ ஒளிந்துகொண்டு பார்த்தார். 1946 பிப்ரவரியில் பம்பாயில் கடற்படை வீரர்கள் கிளர்ந்தெழுந்தபோது வாயைத் திறக்கவில்லை. தேசம் இரண்டாகப் பிளந்து லட்சக்கணக்கானோர் வெட்டுண்டபோது பேசாமலிருந்தார். வியன்னாவில் தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்து மகளை வளர்த்த மனைவி எமிலிக்கு ஒரு வரி எழுதவில்லை. மலேயாத் தோட்டங்களில் பால்வெட்டிய தமிழர்கள் தாலியைக் கழற்றிக் கொடுத்து, பிள்ளைகளைப் படைக்கு அனுப்பியது அவர் வார்த்தையை நம்பித்தான், அவர்களையும் கைவிட்டார். ஜான்சி ராணிப் படையில் துப்பாக்கி தூக்கிய பெண்களையும் மறந்தார். இதுவா நேதாஜி? வீட்டுக் காவலிலிருந்து தப்பி காபூல், பெர்லின் என்று போய், மூன்று மாதம் நீர்மூழ்கியில் பயணம்செய்து ஆசியாவுக்கு வந்தவரை, சாமியார் வேடத்தில் மூலையில் முடங்கிய கோழையாக்குகிறது இந்தக் கதை. அவர் உயிரோடு இருந்திருந்தால் பேசியிருப்பார். அவர் பேசவில்லை என்பதே அவர் இல்லை என்பதற்கு எனக்குப் போதுமான சான்று.

இந்த மர்மக் கூச்சலில் காணாமல்போனவர்கள் வேறு சிலர். இந்திய விடுதலைக்காக ரகசியப் பணிக்கு அனுப்பப்பட்டுப் பிடிபட்ட வக்கம் அப்துல் காதர், சத்யேந்திர பர்தன், ஃபௌஜா சிங், ஆனந்தன் ஆகியோரை 1943 செப்டம்பர் 10 அன்று சென்னை மத்திய சிறையில் தூக்கில் போட்டார்கள். அவர்கள் சாவில் மர்மம் இல்லை; ஆகவே மேடையில் மதிப்பும் இல்லை. சென்ட்ரல் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இருந்த அந்தச் சிறையை இடித்தாகிவிட்டது. தாம்பரத்திலிருந்து மின்சார ரயிலில் போய் இறங்கும் தூரத்தில் நடந்த அந்த நான்கு தியாகங்களையும் பேச்சுப்போட்டிப் பிள்ளைகளுக்குச் சொல்ல வெளியீட்டில் இடமில்லை. 1939 செப்டம்பர் 3-ல், போர் மூண்ட செய்தி வந்தபோது, நேதாஜி சென்னைக் கடற்கரையில் இரண்டு லட்சம் பேர் முன் பேசிக்கொண்டிருந்தார் என்ற செய்திக்கும் இடமில்லை. தமிழருக்கு நேதாஜி கொடுத்ததும், தமிழர் நேதாஜிக்குக் கொடுத்ததும் சான்றோடு இருக்க, சான்றில்லாத சைபீரியாவுக்கு இத்தனை பக்கம்.

இனி செய்யவேண்டியது என்ன? நேதாஜியின் ஒரே மகள் அனிதா போஸ் பாஃப், தன் தந்தை தைஹோகுவில் இறந்தார் என்பதை ஏற்றுக்கொண்டு, அஸ்தியை இந்தியாவுக்குக் கொண்டுவாருங்கள், வேண்டுமானால் மரபணுச் சோதனை செய்யுங்கள் என்று பலமுறை கேட்டுவிட்டார். எரிந்த எலும்பில் மரபணு மிஞ்சியிருக்கிறதா என்பதைச் சோதித்தால்தான் தெரியும். 1957-ல் நேரு ரென்கோஜிக்குப் போய் வணங்கினார்; 2001-ல் வாஜ்பாய் போனார். வணங்கத் தெரிந்த அரசுகளுக்கு எடுத்துவரத் துணிச்சல் வரவில்லை. காரணம் இந்தக் கூட்டம் போடுகிற சத்தம்.

ஆகவே வெளியீட்டாளருக்கு நேரடியாகவே சொல்கிறேன். உங்களுக்கு உண்மை வேண்டுமென்றால், அஸ்தியைச் சோதனைக்கு உட்படுத்தவேண்டும், முடிவு எதுவானாலும் ஏற்போம் என்று பிரதமருக்கு ஒரு மனு எழுதுங்கள். நான் முதல் கையெழுத்துப் போடுகிறேன். நீங்கள் இரண்டாவது போடுங்கள். நீங்கள் சொல்வதுபோல் அது வேறு யாருடைய சாம்பலோ என்றால் சோதனை அதைச் சொல்லிவிடும். உங்களுக்கு இழப்பு ஒன்றுமில்லை. கையெழுத்துப் போட மறுத்தால், நீங்கள் தேடுவது நேதாஜியை இல்லை என்பது இந்த ஊருக்குத் தெரிந்துவிடும். அதன்பின் நம் பள்ளிப் பிள்ளைகளின் கையில் அந்த வெளியீட்டைக் கொடுக்க உங்களுக்கு உரிமை கிடையாது.